புண்ணும் மருந்தும்

முழங்காலிற் காயம்படாமற் பள்ளிப் பருவத்தைக் கடந்தவர் நம்முள் அரியர். ஓட்டப்பந்தயத்தில் விழுந்த வடு, மாமரத்தினின்றும் வழுக்கிய வடு, துவிச்சக்கரவண்டி சறுக்கிய வடு என ஏதேனுமொன்று ஒவ்வொருவர் உடலிலும் உண்டு. இம்மலரைக் கையில் ஏந்தும் பழைய மாணவர் தம் முழங்காலை ஒருமுறை தடவிப் பார்ப்பாராயின், யாம் கூறுவது மெய்யென்பது புலனாகும்.

தமிழாசிரியராகிய யாம் மருத்துவஞ் சார்ந்த பொருளொன்றை எழுதப் புகுந்தமைக்குக் காரணங் கூறுதல் கடன். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிற் பயின்ற காலத்து முதலுதவியும் ஒருவாறு கற்றோம். அதனாற்போலும், யாம் பணியாற்றிய இடந்தோறும் முதலுதவிப் பெட்டியின் திறப்பு எம்மிடமே வந்து சேர்ந்தது. அப்பெட்டியினால் யாம் செய்த நன்மைகள் சில இருக்கலாம். செய்த தவறு ஒன்றுண்டு. அதனை முதலிற் கூறுவோம்.

யாம் ஆசிரியப் பணியை ஏற்ற தொடக்ககாலம் அது. இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அஞ்சலோட்டத்தில் ஓடிய பத்து வயதுச் சிறுவன் ஒருவன் கல்லும் மணலும் கலந்த தரையில் விழுந்தான். முழங்காற்றோல் உரிந்து குருதி கசிந்தது. யாம் விரைந்து பெட்டியைத் திறந்து, கபில நிறத் திரவம் நிறைந்த போத்தலை எடுத்து, நீர் கலக்காமலே காயத்தின்மீது ஊற்றினோம். சிறுவன் துடித்தான். "பொறுத்துக்கொள் தம்பி, எரிந்தால்தான் கிருமி சாகும்" என்று தேற்றி, அத்திரவத்தில் நனைத்த பஞ்சையே மேலே வைத்து இறுகக் கட்டி அனுப்பினோம். மறுநாட் காலையிலும் அவ்வாறே செய்தோம்.

நான்காம் நாள் அவன் பாடசாலைக்கு வரவில்லை. மாலையில் அவன் வீட்டுக்குச் சென்றோம். முழங்கால் வீங்கியிருந்தது. காயத்தைச் சூழ்ந்த தோல் வெந்ததுபோற் சிவந்து கொப்புளித்திருந்தது. நடுவே சீழ் கட்டியிருந்தது. தாயாருடன் அவனை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த தாதி ஒருவர் கட்டை அவிழ்த்து, நீரை மெல்ல மெல்லப் பாய்ச்சிப் புண்ணை நெடுநேரங் கழுவினார். பயற்றளவான கல்லொன்று உள்ளிருந்து வெளிப்பட்டுத் தட்டில் விழுந்தது. அவர் எம்மை நிமிர்ந்து பார்த்து, "மாஸ்ரர், மருந்தெல்லாம் விட்டிருக்கிறியள். புண்ணைக் கழுவ மறந்துபோனியளே" என்றார். அவர் குரலிற் சினமில்லை. ஆயினும் அச்சொல் இன்றும் எம் செவியில் நிற்கின்றது.

மருத்துவர் உரிய சிகிச்சை அளித்தமையால் இரண்டு வாரத்திற் புண் ஆறியது. யாம் செய்த பிழை இரண்டென்பதைப் பின்னரே உணர்ந்தோம். உள்ளே கிடந்த அழுக்கை அகற்றாமல் விட்டது ஒன்று. வெளியே இருந்த நல்ல தசையைச் சுட்டது மற்றொன்று. இவ்விரு பிழைகளையும் எமக்கு முன்னரே பேரறிஞர் பலர் ஆராய்ந்து விளக்கியுள்ளனர் என்பதை நூல்களை நாடியபோது அறிந்தோம். அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைப்போம்.

அழுகலும் அதன் எதிரியும்

மண்ணிலும் நீரிலும் நம் தோலிலும் கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. தோல் என்னும் மதில் பழுதின்றி இருக்குமளவும் அவை பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. தோலில் நிலையாக வாழும் நுண்ணுயிர்களுட் பல, பிற கிருமிகள் வந்து குடியேறாவண்ணம் இடத்தைப் பற்றிக்கொண்டு நமக்கு உதவியும் செய்கின்றன. தோலின் மேற்பரப்பு சிறிது அமிலத் தன்மையுடையதாய் இருப்பதும் ஒரு காவலே. மதில் உடைந்தவிடத்து, வெளியிலிருந்து வந்த கிருமிகள் உட்புகுந்து பெருகும். அதன் விளைவே வீக்கமும் சீழும் அழுகலும்.

இவ்வழுகலைத் தடுத்தற்பொருட்டு உயிருள்ள தோலிலும் தசையிலும் இடத்தக்க பொருள்களை அழுகலெதிரி என்போம். தரை, மேசை, கருவி முதலிய உயிரற்றவற்றைத் தூய்மை செய்யும் பொருள்களைத் தொற்றுநீக்கி என்போம். பேச்சுவழக்கில் இரண்டையும் கிருமிநாசினி என்ற ஒரே சொல்லாற் குறிக்கின்றோம். சொல் ஒன்றாயிருத்தலால் மலசலகூடத்துக்கு உரியதைக் காலுக்கும் இடலாமென்ற மயக்கம் பிறக்கின்றது. மாணவர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

வியன்னாவும் கிளாஸ்கோவும்

கிருமிகளே நோய்க்குக் காரணம் என்னும் கொள்கை நிலைபெறுமுன்னரே கை கழுவுதலின் பெருமையைக் கண்டவர் இக்னாஸ் செமல்வைஸ் என்னும் ஹங்கேரிய மருத்துவர். அவர் வியன்னாப் பொது வைத்தியசாலையிற் கடமையாற்றினார். அங்கே மகப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவரும், மற்றதில் மருத்துவிச்சியரும் பயின்றனர். மாணவர் பிரிவிலேயே தாய்மார் பிரசவக் காய்ச்சலினாற் பெருந்தொகையாக இறந்தனர். 1847 ஏப்பிரலில் அப்பிரிவிற் சேர்ந்த தாய்மாருள் நூற்றுக்குப் பதினெண்மர் மாண்டனர். அவ்வாண்டிலேயே அவருடைய நண்பர் கொலெச்கா என்பவர், பிரேத பரிசோதனையின்போது மாணவன் ஒருவனின் கத்தி விரலிற் பட்டு, அத்தாய்மாருக்கு வந்த நோயை ஒத்த நோயினால் இறந்தார். பிணவறையிலிருந்து மாணவர் கைகளே நஞ்சைச் சுமந்து வருகின்றன என்று செமல்வைஸ் துணிந்தார். வெளிற்றுந்தூள் கரைத்த நீரிற் கைகளைக் கழுவிய பின்னரே தாய்மாரைத் தொடவேண்டுமென விதித்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு இருவரளவாகக் குறைந்தது. எனினும் சக மருத்துவர் பலர் அவர் கூற்றை ஏற்றிலர். தம் கைகளே கொன்றன என்பதை ஒப்புக்கொள்ள எவர் மனந்தான் எளிதில் இசையும்?

செமல்வைஸ் 1865 ஆகஸ்டு 13ஆம் நாள் வியன்னாவை அடுத்த மனநோயாளர் இல்லமொன்றில், காயமொன்று நஞ்சேறியமையால் உயிர்நீத்தார். அதற்கு முதல்நாளே கிளாஸ்கோ நகரில் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. பதினொரு வயதுச் சிறுவனாகிய ஜேம்ஸ் கிறீன்லீஸ் என்பவனின் காலில் வண்டிச்சக்கரம் ஏறி, எலும்பு முறிந்து, தோலும் கிழிந்திருந்தது. அக்காலத்தில் இத்தகைய முறிவு நேர்ந்தால் காலை வெட்டி அகற்றுவதே பெருவழக்கு. அறுவை மருத்துவர் யோசேப்பு லிஸ்டரோ லூயி பாஸ்டரின் ஆய்வுகளைப் படித்திருந்தார். கார்லைல் நகரிற் கழிவுநீரின் நாற்றத்தைப் போக்கக் காபோலிக்கமிலம் பயன்படுவதையும் அறிந்திருந்தார். அவ்வமிலத்தில் தோய்த்த துணியால் அவர் அக்காயத்தை மூடினார். நான்காம் நாள் திறந்து பார்த்தபோது சீழில்லை. ஆறு வாரத்திற் கால் தேறியது. லிஸ்டர் 1867ஆம் ஆண்டு 'லான்செற்' என்னும் மருத்துவ இதழில் தம் முறையை வெளியிட்டார். அம்முறைக்கு முன் அவர் அங்கம் துணித்த 35 பேருள் 16 பேர் இறந்தனர். பின்னர் 40 பேருள் அறுவரே இறந்தனர்.

இவ்விடத்து நம் நாட்டுச் செய்தி ஒன்றையும் நினைவு கூர்தல் தகும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் முயற்சியால் வெளிவந்த தமிழ் மருத்துவ நூல்களுள் 'இரண வைத்தியம்' 1867ஆம் ஆண்டுக்குரியது. லிஸ்டர் தம் முறையை ஆங்கிலத்தில் வெளியிட்ட அதே ஆண்டிற் புண் மருத்துவம் தமிழிலும் நூலுருப் பெற்றது என்பது நம்மனோர் மறக்கலாகாத செய்தி.

நல்லதையும் சுடும் மருந்து

கிருமியைக் கொல்லும் பொருள் கிருமியோடு நின்றுவிடுமா? நில்லாது. நம் உடலும் உயிருள்ள கலங்களால் ஆனதே. ஆதலாற் கிருமிக்கு நஞ்சாவது ஓரளவிற்கு நமக்கும் நஞ்சாகும். அமெரிக்காவிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் அறுவை மருத்துவர் ஹால்ஸ்ரெட்டிடம் பணியாற்றிய தாதி கரோலின் ஹம்ரனின் கைகள், கிருமி கொல்லும் இரசக் கரைசலாற் புண்ணாயின. அவர் கைகளைக் காக்கவே 1889-90 அளவில் மெல்லிய இறப்பர்க் கையுறைகள் செய்விக்கப்பட்டன. அறுவைக் கூடங்களிற் கையுறை அணியும் வழக்கம் பரவியதற்கு இஃது ஒரு தொடக்கமாயிற்று.

முதலாம் உலகப் போரின்போது பிரான்சிலுள்ள பூலோன் நகரில் அலெக்சாண்டர் பிளெமிங் போர்வீரர் புண்களை ஆராய்ந்தார். பிற்காலத்திற் பெனிசிலினைக் கண்ட பிளெமிங்கே இவர். கடுமையான அழுகலெதிரிகளைப் பெய்தும் ஆழ்ந்த புண்கள் ஆறாமையின் காரணத்தை அறிய அவர் எளிய சோதனை ஒன்று செய்தார். கண்ணாடிக் குழாயொன்றை உருக்கி, அதன் சுவரிற் பல கூர்மையான குழிகள் அமையுமாறு இழுத்தார். கிழிந்த தசையின் மூலைமுடுக்குகளுக்கு அது மாதிரி. அக்குழாயிற் கிருமியுள்ள திரவத்தை நிரப்பிக் கொட்டியபின் அழுகலெதிரியை நிரப்பினார். பின்னர் அதனையும் கொட்டிப் புதிய திரவத்தை ஊற்றி வைத்தார். கிருமிகள் மீண்டும் பெருகின. குழிகளுக்குள் ஒளிந்திருந்தவற்றை மருந்து சென்றடையவில்லை. அன்றியும், புண்ணிற் கிருமிகளோடு பொரும் வெண்குருதிக் கலங்களை அம்மருந்துகள் கிருமிகளினும் மிகுதியாக அழித்தன என்பதையும் அவர் காட்டினார்.

இதனைப் படித்தபோது எமக்கு அச்சிறுவனின் முழங்காலே கண்முன் நின்றது. குழியினுள் ஒளிந்த கிருமி எது? அப்பயற்றளவான கல்லைச் சூழ்ந்திருந்தது. அழிந்த வெண்கலங்கள் எவை? அவனைக் காக்க வந்தவை.

போத்தலில் உள்ளவை

இன்று மருந்துக்கடைகளிலும் முதலுதவிப் பெட்டிகளிலும் காணப்படும் பொருள்களைச் சுருங்கக் கூறுவோம்.

அற்ககோல்: கிருமிகளின் புரதத்தை உறையச் செய்து கொல்வது. தூய அற்ககோலினும், நீர் கலந்து நூற்றுக்கு 70 பங்களவாக உள்ளதே வலியது. புரதம் உறைதற்கு நீரும் வேண்டுமாதலின் என்க. ஊசி போடுமுன் தோலைத் துடைத்தற்கும் கைகளைத் தூய்மை செய்தற்கும் ஏற்றது. திறந்த புண்ணுக்கு ஆகாது.

அயடீன்: 1811ஆம் ஆண்டு கடற்பாசிச் சாம்பலிலிருந்து பிரான்சியராகிய கூர்த்துவா கண்ட மூலகம். அற்ககோலிற் கரைந்த பழைய அயடீன் கடுமையாக எரிக்கும். 1955இல் அறிமுகமான பொவிடோன் அயடீனில், அயடீன் ஒரு பெருமூலக்கூற்றோடு பிணைந்து சிறிது சிறிதாக வெளிப்படுமாதலின் எரிவு குறைவு. பலவகைக் கிருமிகளையும் கொல்லும். அயடீன் ஒவ்வாதவரும் கேடயச் சுரப்பி நோயுடையவரும் மருத்துவரைக் கேளாது இதனைப் பயன்படுத்தலாகாது. பச்சிளங் குழந்தைகளுக்கும் அவ்வாறே இடலாகாது.

குளோரொட்சைலினோல்: யாம் ஊற்றிய கபிலத் திரவத்திலிருந்தது இதுவே. 1932இல் விற்பனைக்கு வந்த டெற்றோலின் உயிர்ப்பொருளும் இஃதே. அதிற் நூற்றுக்கு 4.8 பங்கு உண்டு. நீர் கலந்தவுடன் பால்போல் வெளுப்பதைக் கண்டு மருந்து வேலை செய்கின்றதென்பர் சிலர். எண்ணெய்ப் பொருள்கள் நுண்டுளிகளாகப் பிரிதலே அவ்வெண்மைக்குக் காரணம். போத்தலிற் குறித்த அளவு நீர் கலந்தன்றி இதனைத் தோலில் இடுதல் தவறு.

குளோரெக்சிடீன்: 1950களில் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டது. தோலிற் படிந்து சில மணிநேரம் வேலை செய்வதே இதன் சிறப்பு. அறுவைக்கு முன் தோலைத் தூய்மை செய்யப் பெரிதும் பயன்படுகின்றது. கண்ணிலும் காதினுள்ளும் படலாகாது.

ஐதரசன் பேரொட்சைட்டு: புண்ணிற் பட்டதும் நுரைப்பது. நமது குருதியிலும் கலங்களிலும் உள்ள நொதியம் அதனைப் பிரித்து ஒட்சிசனை வெளியேற்றுதலே நுரைக்குக் காரணம். நுரை மிகுந்தாற் கிருமி மிகுதியாக இறந்தது என்று கொள்ளலாகாது. புதிதாக வளரும் கலங்களையும் இது தாக்குமாதலின் நாடோறும் ஊற்றுதல் நன்றன்று.

சிவப்பு மருந்து: மேர்க்குரோகுரோம் எனப்பட்ட இதனை அறியாத பழைய மாணவர் இலர். முழங்காலிற் சிவப்புத் தீட்டிக்கொண்டு திரிவது அக்காலத்தில் ஒரு பெருமை. இரசஞ் சேர்ந்த பொருளாதலின் அமெரிக்காவில் 1998இல் இதன் தடையற்ற விற்பனைக்கு முடிவு ஏற்பட்டது. புண்ணைச் சூழ்ந்து தோன்றும் செம்மையை அதன் நிறம் மறைத்துவிடுவதும் ஒரு குறை.

சவர்க்காரத்திலும் அழுகலெதிரியைச் சேர்த்து விற்கும் வழக்கம் பரவியது. திரைக்குளோசான் முதலிய 19 பொருள்களைக் குடும்பப் பாவனைக்குரிய சவர்க்காரங்களிற் சேர்க்கலாகாதென அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2016இல் விதித்தது. சாதாரண சவர்க்காரமும் நீரும் தரும் பயனினும் அவை கூடுதற் பயன் தருவன என்பதை உற்பத்தியாளர் நிறுவவில்லை என்பதே காரணம். சவர்க்கார மூலக்கூற்றின் ஒருமுனை நீரை நாடும். மறுமுனை எண்ணெயை நாடும். அழுக்கையும் கிருமியையும் எண்ணெய்ப் பசையோடு சேர்த்துத் தூக்கி நீரோடு போக்கிவிடும். கொல்லாமலே வெளியேற்றும் இச்செயல் தோலுக்குப் போதுமானது.

இனி, மஞ்சளைப் பற்றி வினவுவோர் உளர். மஞ்சளுக்குக் கிருமிகளைத் தடுக்கும் இயல்புண்டென்பதை ஆய்வுகளும் காட்டியுள்ளன. புண்ணாற்றும் மஞ்சளுக்கு 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட புத்தாக்க உரிமத்தை, இது முன்னோர் அறிந்ததே என்று இந்திய விஞ்ஞான ஆய்வு மன்றம் வாதிட்டு 1997இல் நீக்குவித்தது. எனினும் அடுக்களைத் தகரத்திலுள்ள மஞ்சட்டூள் கிருமியற்றதன்று. திறந்த புண்ணில் அதனை அப்பினால், அதிலுள்ள கிருமி வித்துக்களும் உடன் செல்லும். கோப்பித்தூள், சாம்பல், மண் என்பன பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ஆறுதலும் ஆற்றுதலும்

தமிழாசிரியர் என்ற முறையில் ஒன்று கூறுவோம். 'புண் ஆறியது' என்கின்றோம். ஆறுதல் தன்வினை. 'புண்ணை ஆற்றினான்' என்பது பிறவினை. நம் முன்னோர் இரண்டையும் வழங்கினர். ஆயினும் மெய்யாக நிகழ்வது தன்வினையே. குருதி உறைகின்றது. வெண்கலங்கள் கிருமியை விழுங்குகின்றன. விளிம்பிலிருந்து புதிய தோல் ஊர்ந்து வந்து மூடுகின்றது. இவற்றுள் எதனையும் போத்தலிலுள்ள மருந்து செய்வதில்லை. ஆறுதற்குள்ள தடையை நீக்குவது மட்டுமே ஆற்றுவோன் கடமை.

ஆகவே மாணவர்க்கு யாம் சொல்லும் முறை இதுவே. முதலில் உங்கள் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். குருதி மிகுந்து பாய்ந்தால் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். சிறு காயமாயிற் குடிக்கத்தக்க தூய நீரை, அல்லது கொதித்தாறிய நீரை, தாராளமாக ஊற்றி மண்ணும் கல்லும் போகுமளவும் கழுவுங்கள். இத்தகைய நீராற் கழுவுதல் உப்புக்கரைசலாற் கழுவுதலுக்குத் தாழ்ந்ததன்று என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. சூழவுள்ள தோலுக்குச் சவர்க்காரம் இடலாம. அழுகலெதிரி இடுவதாயின் உரிய அளவு நீர் கலந்து, ஒருமுறை, மெல்லென இடுங்கள். பின்னர்த் தூய துணியால் மூடுங்கள். வீக்கம், சீழ், காய்ச்சல், பரவுஞ் செம்மை என்பன தோன்றினால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

இரண்டு இடங்களில் வீட்டு மருத்துவத்தோடு நிற்றல் உயிருக்கே கேடாகும். ஆணியோ முள்ளோ ஆழக் குத்திய புண்ணில் ஏற்புவலிக் கிருமியின் வித்துக்கள் தங்கலாம். அவை மண்ணில் வாழ்வன. காற்றுப் புகாவிடத்திற் பெருகுவன. அழுகலெதிரி அவற்றைச் சென்றடையாது. காக்க வல்லது தடுப்பூசியே. நாய் கடித்தவிடத்தைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவவேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. விசர்நாய்க்கடி வைரசின் கொழுப்புறையைச் சவர்க்காரம் குலைத்துவிடும். அதன்பின் அன்றே வைத்தியசாலைக்குச் சென்று ஊசி பெறல் வேண்டும். அந்நோய் தோன்றியபின் மீண்டார் அரியராதலின், இதில் ஒருநாட் சோம்பலும் தகாது.

நிறைவுரை

அச்சிறுவன் இன்று குழந்தைகளின் தந்தை. சில மாதங்களுக்கு முன் எம்மைக் காண வந்தவன், முழங்காலிலுள்ள கரிய வடுவைக் காட்டி, "சேர் எழுதிய எழுத்து" என்று சிரித்தான். யாமும் சிரித்தோம். ஆயினும் அன்றிரவு உறக்கம் எளிதில் வரவில்லை. அவன் பிழைத்தது அத்தாதியின் பொறுமையால் என்பதை யாம் அறிவோம்.

விழாக் காலத்திற் பழைய மாணவர் தம் கல்லூரிக்கு மண்டபமும் நூலகமும் அளிக்க எண்ணுவர். அவை வேண்டப்படுவனவே. அவற்றோடு சிறியதொன்றையும் வேண்டுகின்றோம். விளையாட்டுத் திடலின் ஓரத்தில் தூய நீர்க்குழாய் ஒன்று, அதன் அருகே ஒரு சவர்க்காரத் தட்டு. திடலில் விழும் பிள்ளையை முதலில் அங்கே அழைத்துச் செல்வோம். முதலுதவிப் பெட்டியை அதன் பின்னர்த் திறப்போம்.